இரண்டாம் பார்வையாளர்

சட்டம் எளிது.
ஒரு கண்ணாடித் தகடு, ஒரு துளி ரத்தம், இரண்டு பேர்.
முதலில் அவள் பார்ப்பாள், பிறகு நான்.
பேசிக்கொள்ளக் கூடாது.
எண்ணிக்கை ஒத்துவராவிட்டால்
மூன்றாவது ஆளிடம் போகும்;
எந்தப் பக்கம் இருவரோ
அந்தப் பக்கம் உண்மை.

பன்ஃபோராவில், கரும்புக் காட்டுக்கு இந்தப் பக்கம்,
இருபத்தாறு வருடம்
முதுகுக்கு முதுகு உட்கார்ந்திருந்தோம்
டாக்டர் கொரோத்திமி மில்லோகோவும் நானும்.
ஆய்வுக்கூடத்துக்கே தலைவியான பிறகும்
தகடு பார்ப்பதை விடவில்லை அவள்.
"கட்டுரையில் ரத்தம் ஊதா நிறமாய் இருக்காது, லசினா."

ஊதாவுக்குள் தேட வேண்டும்.
கல் வைத்த மோதிரம் போல
நீலத்தில் ஒரு வளையம், சிவப்பில் ஒரு பொட்டு.
கண்டால் கட்டைவிரல் விசையை அழுத்தும்:
டிக்.
மழை மாதங்களில் அவள் விசை
வெளியே தவளைகளோடு போட்டி போடும்.
வடக்கிலிருந்து புழுதிக் காற்று வந்தால்
வாரக்கணக்கில் ஊமை.

முதல் தடுப்பூசி எலிகளைக் காப்பாற்றியது.
எலிகள் எங்களைக் கேட்டு வரவில்லை.
இரண்டாவது, குழந்தைகளின் உடம்பில்
ஆறு மாதம் தங்கிவிட்டுச்
சொல்லாமல் கிளம்பியது.
மூன்றாவதற்குப் பணம் கொடுத்தவர்கள்
வேறொரு நோய்க்கு மாறிக்கொண்டார்கள்.
ஒவ்வொரு முறையும்
வெள்ளைக் கோட்டைத் தானே துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு
இன்னொரு பெட்டி தகடு வரவழைப்பாள்.
அழுதிருக்கலாம். என் முதுகுக்குத் தெரியாது.

நான்காவதில்தான் அது நடந்தது.
தகடு எண் 4417.
நான்: பூஜ்யம்.
அவள்: ஒன்று.
மூன்றாவது ஆள்: பூஜ்யம்.
ஆக, பூஜ்யம்.

த்ரிசா ஃபாயமா, இரண்டு வயது.
வியாழக்கிழமை பூஜ்யத்தோடு வீட்டுக்குப் போனான்.
ஞாயிறு இரவு
கரும்பு லாரியில் தூக்கிவந்தார் அவன் அப்பா,
பற்கள் கிட்டித்திருந்தன.
பிழைத்தான்.
இடது காது மட்டும் திரும்பி வரவில்லை.

அவள் ஒரு சொல் சொல்லவில்லை.
செவ்வாய்க்கிழமை காலை வந்தபோது
என் நுண்ணோக்கியின் வில்லை துடைத்திருந்தது.
துடைத்த காகிதம் நான்காக மடித்து
பக்கத்தில்.
திட்டியிருந்தால் தேவலை.

பிறகு உறைகளைப் பிரிக்கும் நாள் வந்தது:
யாருக்கு எது போட்டோம் என்று
அதுவரை எங்களில் எவருக்கும் தெரியாது.
நூற்றுக்கு எழுபத்துச் சொச்சம், என்றது திரை.
அரங்கமே எழுந்து கைதட்டியது.
நான் 4417-ஐத் தேடினேன்.
த்ரிசாவுக்குப் போட்டது ஒப்பீட்டு ஊசி,
வெறிநாய்க்கடிக்கானது.
பன்ஃபோராவின் எந்த நாயும் இனி
அவனை ஒன்றும் செய்துவிட முடியாது.

தண்ணீர்த் தொட்டி ஓரம் அவளைக் கண்டேன்,
செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.
"மிச்சம் இருபத்துச் சொச்சம்" என்றாள்.
கைதட்டல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த மழைக்கு முன்
சுகாதார நிலைய வாசலில்
குளிர்ப்பெட்டி இறங்கியது.
இனி உறை இல்லை, குலுக்கல் இல்லை,
எல்லாக் குழந்தைக்கும் ஒரே மருந்து.
செவிலி ஒரு தொடையில் ஊசியை இறக்க
வரிசை முழுக்கத் தொற்றிக்கொண்டது அழுகை.
த்ரிசா தன் தங்கையைக் கூட்டி வந்திருந்தான்;
பெயர் கூப்பிடும்போதெல்லாம்
வலது காதைத் திருப்பினான்.

கொரோத்திமிக்கு ஓய்வு கொடுத்து ஐந்து மாதம் ஆகிறது.
வேப்ப நிழலில் நின்று
பழைய விசையை அழுத்திக்கொண்டிருந்தாள்.
நானும் சும்மா எண்ணினேன், இந்தக் கோடியிலிருந்து.
"எவ்வளவு?"
"அறுபத்து மூன்று."
"அறுபத்து நான்கு" என்றாள்.
வரிசையின் கடைசியில் ஒருத்தி
எங்களுக்கு முதுகு காட்டி நின்றாள்.
அவள் முதுகுத் துணிக்குள்ளிருந்து
ஒரு குதிகால் மட்டும்
வெளியே தெரிந்தது.

மூன்றாவது ஆளைக் கூப்பிடவில்லை.
அறுபத்து நான்கு என்று எழுதிக்கொண்டேன்.